வட்டார வள மையத்தில் வேலை வேண்டுமா? எந்தக் கதவு என்று முதலில் பாருங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். எங்கள் வள மைய வாசலில் ஒரு தம்பி மஞ்சப்பையோடு நின்றுகொண்டிருந்தார். பைக்குள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி பி.எட். வரை எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ், கைப்பேசியில் ஒரு வாட்ஸப் செய்தி: வட்டார வள மையத்தில் வேலை, தேர்வு கிடையாது, நேர்காணல் மட்டும், உடனே பகிரவும். கூடவே வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறிவிப்பு நிஜமானதுதான், கடைசித் தேதிக்கும் இன்னும் நான்கு நாள் இருந்தது, ஆண்டு மட்டும் இரண்டு வருடம் பழசு. ஆண்டு எண் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் பேருந்தில் வந்தவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த முறை எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளில் இருந்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் டெல்டா பக்கம் ஒரு மையத்தில் தொகுப்பூதியத்தில் ஆறு வருடம் கணக்கு எழுதியவன், அதனால் உள்ளே நடப்பது ஓரளவு தெரியும்.

வள மையம், நாங்கள் சொல்கிற பி.ஆர்.சி., ஒன்றியத்தில் இருக்கிற பள்ளிகளுக்குத் துணையாக இருக்கும் அலுவலகம். ஆசிரியர் பயிற்சி, பள்ளிப் பார்வை, மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிகிச்சையும் உபகரணமும், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு, எமிஸ் என்கிற பள்ளி, மாணவர் விவரத் தளத்தின் பதிவுகள், பள்ளி மேலாண்மைக் குழுப் பயிற்சி எல்லாம் அங்கிருந்துதான் நடக்கும். முன்பு எஸ்.எஸ்.ஏ. என்று சொன்னோமே, அனைவருக்கும் கல்வி இயக்கம், அதையும் இடைநிலைக் கல்விக்கான ஆர்.எம்.எஸ்.ஏ.வையும் ஆசிரியர் கல்வித் திட்டத்தையும் 2018-ல் ஒன்றாக்கி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்று ஆக்கினார்கள். பெயர்ப் பலகை மாறியது, ஊரில் இன்னும் எஸ்.எஸ்.ஏ. ஆபீஸ் என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. ஒரே கூரைக்குக் கீழ் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் நாலு விதமான கதவு வழியாக உள்ளே வந்தவர்கள். ஒவ்வொரு கதவுக்கும் அறிவிப்பு வருகிற இடம் வேறு, சம்பளம் வேறு, நாளைக்கு என்ன ஆகும் என்பதும் வேறு. எந்தக் கதவு என்று தெரியாமல் அலைகிறவர்களைத்தான் புரோக்கர்கள் பிடிக்கிறார்கள்.

முதல் கதவு ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி. ஆசிரியர் பயிற்றுநர் பதவி இதன் வழியாகத்தான். பட்டப்படிப்பும் பி.எட்.டும் இருக்க வேண்டும், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் தேறியிருக்க வேண்டும், அதற்கு மேல் போட்டித் தேர்வு ஒன்று. 2023 அக்டோபரில் பட்டதாரி ஆசிரியர், ஆசிரியர் பயிற்றுநர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பாக 2,222 இடங்களுக்கு வந்தது, தேர்வு 2024 பிப்ரவரி 4-ம் தேதி நடந்தது. சம்பள நிலை 36,400-ல் தொடங்குவது. தேர்வுக் கட்டணம் 600 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 300. இதில் பலர் கோட்டை விடுகிற இடம் தமிழ்த் தகுதித் தாள். 50 மதிப்பெண்ணுக்கு 20 எடுத்தால் போதும், ஆனால் அதை எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். நம் தாய்மொழிதானே என்று அதைத் தொடாமலே போய் உட்கார்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரமாவது பள்ளி இலக்கணத்தைப் புரட்டிவிட்டுப் போங்கள்.

டி.ஆர்.பி. அறிவிப்பு தினமும் வராது, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் செய்யக்கூடியது சான்றிதழ்களைத் தயாராக வைத்திருப்பது. குறிப்பாகத் தமிழ் வழியில் படித்ததற்கான சான்று. 20 சதவீத முன்னுரிமைக்கான சட்டம் 2010-ல் வந்தது, 2020-ல் திருத்தினார்கள், இப்போது பட்டப்படிப்பை மட்டும் தமிழ் வழியில் படித்தால் போதாது, பள்ளிப்படிப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் போய்த் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு போனால் அங்கே உங்களைப் போல நாற்பது பேர் நிற்பார்கள், அல்லது கோடை விடுமுறையாக இருக்கும். நவம்பரில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கதவு மாவட்ட அளவில் எடுக்கும் தொகுப்பூதியப் பணி. சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர், கணக்காளர் போன்றவை பெரும்பாலும் இப்படித்தான். அறிவிப்பு முதன்மைக் கல்வி அலுவலகப் பலகையிலும், மாவட்ட இணையதளத்தில் ஆட்சேர்ப்பு என்கிற பகுதியிலும், மாவட்ட ஆட்சியரின் பத்திரிகைச் செய்தியாகவும் வரும். ஆட்சியர் செய்தி என்றதும் பெரிய விளம்பரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், உள்ளூர்ப் பக்கத்தில் உழவர் குறைதீர் கூட்டத்துக்குக் கீழே நாலு வரியில் போய்விடும். விண்ணப்பிக்கப் பத்துப் பதினைந்து நாள்தான் கிடைக்கும். ஆகவே வாரம் ஒரு முறை, எனக்குத் தெரிந்த ஒரு அக்கா திங்கட்கிழமை காலை என்று வைத்திருந்தார், உங்கள் மாவட்டத் தளத்தையும் பக்கத்து இரண்டு மாவட்டத் தளங்களையும் திறந்து பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அறிவிப்பு கையில் வந்ததும் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் மூன்று இடத்தில் விரல் வையுங்கள். தேதி, ஆண்டோடு சேர்த்து. எந்தத் தேதியில் தகுதியும் வயதும் கணக்கு. விண்ணப்பம் நேரிலா, தபாலிலா, இணையத்திலா. தபால் என்றால் விரைவுத் தபால்தான், கூரியர் வேண்டாம், அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடைசி நாள் மாலை 5.45 மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று இருந்தால், அன்று அனுப்பினால் போதும் என்று பொருள் இல்லை. உறையின் மேல் எந்தப் பதவிக்கு என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். நான் உறை பிரித்து அடுக்கியவன் என்பதால் சொல்கிறேன், மேலே எதுவும் எழுதாத உறை தவறான கட்டில் போய்ச் சேர நிறைய வாய்ப்பு உண்டு.

சிறப்பாசிரியருக்கு விண்ணப்பிப்பவர்கள் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு, அதுதான் ஆர்.சி.ஐ. எண், காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். படிப்பு எல்லாம் சரியாக இருந்தும் பதிவைப் புதுப்பிக்காததால் திரும்பிப் போன ஒரு பெண்ணை நேரில் பார்த்தேன், பேசவே முடியவில்லை அவரால். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர் பணியிடங்களை முறையாக உருவாக்கி நிரப்பும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது, இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? கணக்காளர் என்றால் ரொக்கப் பதிவேடு, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், பயன்பாட்டுச் சான்று, டேலி கணக்கு மென்பொருள். எனக்கு ஒரு தாளைக் கொடுத்து, பயிற்சிக்கு 40 பேர் வந்தார்கள், 46 சாப்பாட்டுக்கு ரசீது இருக்கிறது, என்ன செய்வாய் என்றார்கள். வருகைப் பதிவேட்டில் பயிற்சி தந்தவர்கள், உதவியாளர்கள் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன், அதற்கு மேல் இருந்தால் ரசீதை ஏற்க மாட்டேன் என்றேன். கேட்டவர் சிரித்தார். இயன்முறை மருத்துவர் என்றால் வீட்டில் படுத்தே இருக்கும் குழந்தையின் அம்மாவுக்கு என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்பது மாதிரிக் கேள்விகள். நேர்காணலுக்கு முன் ஒரு நாள் ஏதாவது ஒரு மையத்தில் நடக்கும் சிகிச்சை முகாமைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

இனி கசப்பான பகுதி. தொகுப்பூதியம் என்றால் அது மட்டும்தான், படி கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். நிரந்தரம் ஆக்குவார்கள் என்கிற நம்பிக்கையில் சேராதீர்கள். 2012-ல் இதே திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதி நேர ஆசிரியர்கள் 16,549 இடங்களில் வந்தார்கள், பன்னிரண்டு வருடம் கழித்து 12,500-ல் நின்றுகொண்டு இன்னும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம், திட்டத்துக்கான பணத்தில் 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநிலம். 2024-25-ல் பி.எம். ஸ்ரீ பள்ளிகள் விவகாரத்தில் ஒன்றிய அரசின் 2,152 கோடி வராமல் நின்றபோது அதன் இடி முதலில் விழுந்தது சம்பளத்தில். வீட்டு வாடகை, வண்டித் தவணை இருக்கிறவர்கள் இரண்டு மாதம் சம்பளம் தள்ளிப்போனால் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள். வேலை மோசம் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அந்த ஆறு வருடம் பிடித்துத்தான் இருந்தது.

மூன்றாவது கதவு வெளிமுகமை. விவரப் பதிவாளர் போன்ற கணினி வேலைகள் இப்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் வழியாக வருகின்றன. உங்கள் முதலாளி அந்த நிறுவனம்தான், வள மையம் இல்லை. பி.எஃப். பிடிக்கிறார்களா, கட்டுகிறார்களா என்று மாதாமாதம் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகளில் காப்பாளர், சமையலர், ஆசிரியர் பணிகளும் ஏறக்குறைய இப்படித்தான், நடத்துவது தொண்டு நிறுவனங்கள். பெண்களுக்கு அங்கே இடம் வருவது உண்டு, தங்கி வேலை பார்க்க வேண்டும்.

நான்காவது, கதவு என்றுகூடச் சொல்ல முடியாது, திண்ணை. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கியது, ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கும் தற்காலிக ஆசிரியர்களையும் இதோடு சேர்க்கலாம்: 2022-ல் அறிவித்தபோது இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000, பிறகு உயர்த்தினார்கள். இந்தத் தற்காலிக ஆசிரியர் பணிக்கு அறிவிப்பை இணையத்தில் தேடிப் பயனில்லை. உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிட்டு வர வேண்டும், ஜூன் முதல் வாரத்திலேயே.

சரி, காலியிடம் வரப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? மையத்தில் யாருக்குப் பிரிவு உபசார விழா நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு சிலர் வருவார்கள். ஆசிரியர் பயிற்றுநர் ஓய்வு பெற்றால் அந்த இடம் மாறுதல் கலந்தாய்வுக்குப் போகும், மிச்சம் இருப்பதுதான் டி.ஆர்.பி. கணக்கில் சேரும், உங்களுக்கு நாளைக்கே அதனால் பயன் இல்லை. மகப்பேறு விடுப்பும் அப்படியே, பக்கத்து மேசைக்காரர் அந்த வேலையைச் சேர்த்துப் பார்ப்பார். ஆனால் தொகுப்பூதியத்தில் இருக்கும் இயன்முறை மருத்துவரோ சிறப்பாசிரியரோ வேறு வேலை கிடைத்துக் கிளம்பினால் காதை நிமிர்த்திக்கொள்ளுங்கள், அடுத்த சில மாதத்தில் அறிவிப்பு வரப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு.

ஏற்கெனவே அரசுப் பள்ளியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கு என்று படிப்படியாக இறங்கும், ஒவ்வொரு படியிலும் பயிற்சி நடத்தும் கருத்தாளர்கள் வேண்டும். வகுப்பறையில் நீங்கள் செய்து பார்த்த ஒன்றை, துணைக்கருவியாக இருக்கட்டும், பாட்டாக இருக்கட்டும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பத்து நிமிடம் செய்து காட்டுங்கள். ஆசிரியர் பயிற்றுநர்கள் அதைத்தான் கவனிக்கிறார்கள். அங்கிருந்து மாவட்டப் பயிற்சி நிறுவனமான டயட், அங்கிருந்து மாநில அளவிலான எஸ்.சி.இ.ஆர்.டி. என்று கூப்பிட்டு அனுப்புவார்கள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களை எழுதியவர்களில் பள்ளி ஆசிரியர்கள் எத்தனையோ பேர். கையில் கூடுதலாகப் பணம் வராது, ஆனால் சென்னையில் கல்லூரிச் சாலை வளாகத்தில் பத்து நாள் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வந்தவர்களிடம் ஒரு தெம்பு தெரியும்.

யாராவது பணம் கேட்டால்? தொகுப்பூதியப் பணிகளுக்கு பொதுவாக விண்ணப்பக் கட்டணமே இருக்காது. கட்டணம் இருந்தால் அது அறிவிப்பிலேயே அச்சில் இருக்கும், ஜிபேயில் ஒருவர் பெயருக்கு அனுப்பச் சொல்ல மாட்டார்கள். எங்கள் மேற்பார்வையாளர் பெயரைச் சொல்லி ஒருவன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 5,000 ரூபாய் வாங்கியிருக்கிறான், கொடுத்தவர் வந்து எங்களிடம் சண்டை போட்ட பிறகுதான் சாருக்கே விஷயம் தெரிந்தது.

கடைசியாக, மையத்துக்கு நேரில் போய் விசாரிப்பதென்றால் காலையில் போகாதீர்கள். பயிற்றுநர்கள் எல்லாரும் பள்ளிப் பார்வைக்குக் கிளம்பியிருப்பார்கள், கணக்காளர் மட்டும் தனியாக ரசீதுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார், எரிந்து விழுவார், நானும் விழுந்திருக்கிறேன். நாலு மணிக்கு மேல் போங்கள். மாதக் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.