தோட்டத்து ஷெட்ல கெடக்குற பழைய பைக் எந்த கம்பனி, எந்த காலம்னு கண்டுபுடிக்கிறது எப்புடி

இலங்கை மலையகத்துல அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் பங்களா கராஜ், பழைய ஃபேக்டரி ஷெட்டுனு தேடுனா சாக்கு மூடுன ஒரு பைக் கண்ணுல படும், யாருதுன்னு கேட்டா "அது பழைய தொரை ஓட்டுன பி.எஸ்.ஏ"ம்பாங்க. நம்ம ஆளுங்களுக்கு பழசு எல்லாமே பி.எஸ்.ஏங்கிற பிரிட்டிஷ் கம்பனி பைக் தான்.

டேங்க்ல இருக்க பேர நம்பாதீங்க, டேங்க்க மாத்துறது சின்ன வேல. நம்பர் தான் சாட்சி. ஹேண்டில்பாருக்கு கீழ ஃபிரேம் தலப்பக்கமும், இன்ஜின்ல சிலிண்டருக்கு கீழ கேஸ்லயும் பாருங்க. அந்த எடத்துல கிரைண்டர், எமரி பேப்பர் எதையும் வெச்சிறாதீங்க, எழுத்தே போயிரும். மண்ணெண்ணெய் ஊத்தி ஊறவிட்டு பழைய டூத்பிரஷ்ஷால தேய்ங்க, அப்புறம் மெல்லிசான பேப்பர வெச்சு மேல பென்சிலால சாய்ச்சு உரசுனா கண்ணுக்கு தெரியாத எழுத்தும் எந்திரிச்சு வரும். அந்த எழுத்தையும் நம்பரையும் அந்த கம்பனி பைக் வெச்சிருக்கவங்க சேந்து நடத்துற ஓனர்ஸ் கிளப்காரங்க போட்டிருக்க லிஸ்ட்டோட ஒப்பிட்டா வருசம் கெடச்சிரும்.

ரெண்டு நம்பரும் வேற வேறயா இருந்தா "இன்ஜின் மாத்துனது"னு வெலய கொறைக்க பாப்பாங்க. ட்ரையம்ஃப்ங்கிற இன்னொரு பிரிட்டிஷ் கம்பனி பைக்குக்கு அது பெரும்பாலும் சரி, ஆனா 60கள் நடுப்பகுதி வரைக்கும் பி.எஸ்.ஏ ஃபேக்டரியில இருந்து வரும்போதே ரெண்டும் வேற நம்பர் தான்.

பி.எஸ்.ஏ 1861ல பர்மிங்காம்ல துப்பாக்கி செய்ய ஆரம்பிச்ச கம்பனி, அதான் அவங்க முத்திரையில மூணு துப்பாக்கி சாய்ச்சு வெச்சிருக்கும். 1948ல வந்த சின்ன பான்டம், 123 சிசி, மூணு கியர், அது அவங்க சொந்த டிசைனே இல்லீங்க, போர்ல தோத்த ஜெர்மனிகிட்ட நட்ட ஈடா எடுத்த டிசைன், டி.கே.டபிள்யூ கம்பனியோட ஆர்டி125 பைக். அதையே பாத்து ஹார்லியும் ஒண்ணு செஞ்சாங்க, 1955ல யமஹாவோட மொதல் பைக் வைஏ-1ம் அதே வம்சம் தான். அதனால டேங்க்ல பேர் இல்லாட்டி இன்ஜின் உருவத்த மட்டும் வெச்சு பந்தயம் கட்டாதீங்க.

கியர் வலது கால்லயும் பிரேக் இடது கால்லயும் இருந்தா பிரிட்டிஷ் பைக்கா இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது ஸ்பேனர். மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் சரியா உக்காராம நழுவுச்சுன்னா அது விட்வொர்த்ங்கிற பழைய பிரிட்டிஷ் அளவா இருக்கலாம், மெக்கானிக் பாஸ்கிட்ட அந்த செட் இருக்கான்னு கேட்டுட்டு கைய வைங்க, இல்லாட்டி நட்டு மூலையெல்லாம் உருண்டு போயிரும்.

நம்பர் பிளேட்டும் பேசும், சிஇ, சிஎல்னு இங்கிலீஷ் எழுத்து இருந்தா ஸ்ரீ எழுத்து போட்ட நம்பர் வர்றதுக்கு முந்துன பதிவு. ரிட்டயரான கணக்கப்பிள்ளை, டீமேக்கர் யாராச்சும் இருந்தா உக்காந்து கேளுங்க, வருசம் ஞாபகம் இல்லாட்டியும் 1975ல தோட்டத்த அரசாங்கம் எடுத்ததுக்கு முன்னயா பின்னயான்னு கண்டிப்பா சொல்லுவாங்க.

வாங்குற எண்ணம் இருந்தா பைக்ல உரசி எடுத்த ஃபிரேம் நம்பரும் பதிவு புக்ல இருக்க சேசி நம்பரும் ஒண்ணான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.