தெம்புக்கு ட்ரிப்ஸ் ஏற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் "உடம்பு அசதியா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க" என்று நோயாளியே கேட்பது சகஜம். ஓசூரில் அதே பாட்டிலுக்கு 'வைட்டமின் தெரபி' என்று பெயர், விலையும் கூடுதல். இரண்டு இடத்திலும் பலர் செய்யும் தவறு ஒன்றுதான்: பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே கையை நீட்டிவிடுவது.

500 மில்லி, 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய 100 கலோரி, ஒரு வாழைப்பழம் தருவதுதான். அதை மஞ்சளாக்குவது பெரும்பாலும் பி2 வைட்டமின். அப்புறம் சிறுநீரும் மஞ்சளாகப் போனால் சத்து பிடித்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உடம்பு வேண்டாமென்று தள்ளியதுதான் அது!

"ஏத்தினதும் தெம்பா இருந்ததே" என்பீர்கள். சரிதான். மக்னீசியம், கால்சியம், பி, சி வைட்டமின்கள் கலந்த 'மையர்ஸ் காக்டெயில்' என்ற கலவையை அமெரிக்காவில் தசைவலி நோயாளிகள் 34 பேருக்கு வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2009இல் வெளியானது. சத்து ஏற்றியவர்களுக்கும் வலி குறைந்தது, சத்தில்லாத திரவம் ஏற்றியவர்களுக்கும் குறைந்தது. பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. இங்கே பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை, மூட்டுவலி, நிமிர முடியாத முதுகு என்று வரும். அந்த வலிக்குப் போய் கால்சியம் ஊசியும் ட்ரிப்ஸும் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதே தண்ணீரைக் குடித்தால் என்ன பயன்? 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. குடிக்க மட்டுமல்ல, களி கிண்டவும் சோறு ஆக்கவும் அந்தத் தண்ணீரையே எடுங்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். நரம்பில் கால்சியத்தை வேகமாக ஏற்றினால் இதயத் துடிப்பே தடுமாறும். காய்ச்சலுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியோடு ஒரே டியூபில் சேர்ந்தால் படிகமாக உறைந்துவிடும். வேறு ஊசி போட்டிருந்தால் சொல்லாமல் விடாதீர்கள்.

அதிக அளவு வைட்டமின் சி இன்னும் வம்பு. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆகாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருந்தால் ரத்தச் சிவப்பணுக்களே உடையும். அதைப் பரிசோதிக்காமல் ஏற்றக்கூடாது. சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியது: ஏற்றிய பிறகு விரலில் குத்திப் பார்க்கும் சில மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் தாழ்சர்க்கரை மயக்கம்தான்.

இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு வெறும் சலைன்கூடச் சுமை. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். குடிப்பழக்கத்தால் மெலிந்தவருக்கு வைட்டமின் பி1 தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவதும் ஆபத்து, மூளையைப் பாதிக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா ட்ரிப்ஸையும் மறுப்பது எதிர்ப்பக்கத் தவறு. ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றும் இரும்புச்சத்து, பரிசோதனை பார்த்துக் கொடுக்கும் சிகிச்சை. அசதிக்கும் அதேபோல முதலில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பாருங்கள். சர்க்கரை நோய்க்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர் பி12 அளவையும் பார்க்கலாம். குறைந்தால் மாத்திரையோ சதை ஊசியோ போதும்.

ஏற்றியே ஆக வேண்டுமென்றால் ஊசியும் டியூபும் உங்கள் கண்முன் உறை பிரித்ததாக இருக்கட்டும். பதிவு பெற்ற மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா, ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து ஏற்றுபவரிடம் இது அநேகமாக இருக்காது. நடுவில் அரிப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தச் சொல்லி 108ஐ அழையுங்கள். "காசு கொடுத்தாச்சு, பாட்டில் முடியட்டும்" என்று படுத்திருக்காதீர்கள்.