மழைக்கரையில் கேரவன் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

நம்மூரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுகிற வண்டி. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். இடம் நியூசிலாந்து, தெற்குத் தீவின் மேற்குக் கரை. வெஸ்ட்போர்ட்டிலிருந்து ஹாஸ்ட் வரை 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து மலைக்கணவாய் ஏறி வானாக்கா போய்ச் சேரலாம்.

தாஸ்மான் கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று சதர்ன் ஆல்ப்ஸ் மலையில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, அங்கேயே கொட்டித் தீர்க்கும். ஹோகிடிகா ஊரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல இரண்டு மடங்கு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிறைஸ்ட்சர்ச்சில் 600 சொச்சம்தான். அதனால் மழை வராத நாளாகப் பார்த்துப் போகலாம் என்ற நினைப்பை விட்டுவிட்டு, மழையையும் கணக்கில் சேர்த்தே திட்டமிடுங்கள்.

படி 1: ஒரு நாளைச் சும்மா விடுங்கள்

இந்தத் தூரத்தை இரண்டு நாளில் ஓட்டிவிடலாம். ஆனால் ஆறு நாள் ஒதுக்குங்கள். அதில் ஒரு நாளுக்கு எந்த முன்பதிவும் வேண்டாம். ஃபிரான்ஸ் ஜோசஃப், ஃபாக்ஸ் பனியாறுகளின் பக்கத்தில் அந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

படி 2: வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது

ஆங்கிலத்தில் இல்லாத ஓட்டுநர் உரிமத்துக்கு மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். கழிவறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்கிறதா, கழிவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி என்பதற்கான பச்சை நிறச் சான்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேரவன்கள் தங்கும் முகாம்களுக்கு வெளியே பொது இடங்களில் இரவு தங்க அந்தச் சான்று தேவைப்படும். டீசல் வண்டியானால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சாலைக் கட்டணம் தனியாக உண்டு; வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம், ஹீட்டர். டீசலில் ஓடும் ஹீட்டர் இருந்தால் எங்கே நிறுத்தினாலும் வேலை செய்யும். மின்சார ஹீட்டர் என்றால் மின் இணைப்பு உள்ள முகாமில் மட்டும்தான். மழைக்கரைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாவது டீசல் ஹீட்டர் உள்ள வண்டியையே எடுங்கள்.

படி 3: உள்ளே பெய்யும் மழை

முதல் இரவு நானும் மனைவியும் சோறு வடித்து ரசம் வைத்தோம். குளிருக்குப் பயந்து ஜன்னல் எதையும் திறக்கவில்லை. நனைந்த ஜாக்கெட்டுகளைப் படுக்கைக்கு மேலேயே தொங்கவிட்டோம். விடிகாலையில் கண்ணாடியில் விரல் வைத்தால் தண்ணீர் கோடாக வழிந்தது. சுவரை ஒட்டியிருந்த மெத்தை ஓரம் சில்லென்று ஈரம். வெளியே மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அவ்வளவு ஈரமும் எங்கள் மூச்சும் சோற்று ஆவியும்தான்.

அன்று முதல் நாங்கள் செய்தது இது. சமைக்கும்போது கூரை ஜன்னலைத் திறந்து, பாத்திரத்தை மூடியே வைப்போம். படுக்கும்போது எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை விரல் அளவு திறந்து வைப்போம். நனைந்த துணியும் செருப்பும் குளியலறையைத் தாண்டி உள்ளே வராது. காலையில் எழுந்ததும் பழைய துண்டால் கண்ணாடிகளைத் துடைத்து, அந்தத் துண்டை வெளியே பிழிந்துவிடுவோம். துணி உலர்த்த முகாம்களில் காசு போட்டால் ஓடும் இயந்திரம் இருக்கும்; சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வண்டியைச் சூடாக்க கேஸ் அடுப்பை எரிய விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

படி 4: ஓட்டும்போது

நம்மைப் போல இடது பக்கம்தான். புதிதாக இருப்பது ஒருவழிப் பாலங்கள். வட்டப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சிறிதாக, சிவப்பாக இருந்தால் நின்று எதிரே வருபவருக்கு வழி விட வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு இருந்தால் முதல் உரிமை உங்களுக்கு. அப்போதும் எதிரில் பார்த்துவிட்டே ஏறுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஓரங்கட்டி விடுங்கள்.

தினமும் காலையில் அந்நாட்டு வானிலை அமைப்பான மெட்சர்வீஸின் எச்சரிக்கையையும் சாலை நிலவரத்தையும் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் இருந்த இடத்திலேயே இருங்கள். 2019 மார்ச்சில் ஃபிரான்ஸ் ஜோசஃப் பக்கத்தில் வைஹோ ஆற்றுப் பாலத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பக்கம் ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலை ஒன்றுதான், சுற்றிப்போக வேறு வழி இல்லை.

படி 5: நிரப்பிக்கொள்ள வேண்டியவை

ஃபாக்ஸிலிருந்து ஹாஸ்ட் 120 கிலோமீட்டர். டீசலை ஃபாக்ஸிலேயே நிரப்புங்கள். வழியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். காய்கறி, அரிசியை கிரேமவுத், ஹோகிடிகாவில் வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் விமான நிலையத்தில் தவறாமல் அறிவியுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

படி 6: இரவு

இருட்டுவதற்கு முன் முகாமைப் பிடித்துவிடுங்கள். புல்லில் நிறுத்தாதீர்கள், ராத்திரி மழையில் சக்கரம் புதையும். சரளைத் தரையைத் தேடுங்கள். மழை விட்டதும் சாண்ட்ஃப்ளை என்ற குட்டிக் கறுப்புப் பூச்சி வரும், கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள். கழிவுநீரை அதற்கென உள்ள நிலையங்களில் மட்டுமே கொட்டுங்கள். அந்த ஆறுகள் அவ்வளவு சுத்தமானவை.

சரி, அந்தச் சும்மா விட்ட நாள். ஃபாக்ஸுக்குப் பக்கத்தில் மேத்சன் ஏரி இருக்கிறது. மரங்களின் மக்கிய இலைச்சாறு இறங்கி அதன் தண்ணீர் கறுந்தேயிலை நிறம். அதனால்தான் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். நாங்கள் போன அன்று முழுக்க மழை, ஏரியின் அக்கரைகூடத் தெரியவில்லை. முன்பதிவு இருந்திருந்தால் கிளம்பியிருப்போம். மறுநாள் விடியற்காலையில் திரும்பிப் போனோம். மேகம் மெல்ல விலகி, 3,724 மீட்டர் உயர அவோராகி சிகரம் வானத்தில் ஒன்று, தண்ணீரில் ஒன்று என்று நின்றது. மரங்களிலிருந்து முந்தின நாள் மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.