ஏற்காட்டிலிருந்து லோடு லாரியை இறக்குவது எப்படி?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வண்டி முக்கும், முனகும், அவ்வளவுதான். ஆளைச் சோதிப்பது இறக்கம். ஹெவி லைசென்ஸ் கையில் வந்து, முதல் தடவையாக லோடோடு இறங்கப் போகும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

ஒரு கணக்கு பாருங்கள். 16 டன் வண்டி சுமார் 1,100 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த வேகத்தை முழுக்க பிரேக்கிலேயே அடக்கினால், சக்கரங்களின் பிரேக் டிரம்களில் ஏறும் சூட்டில் 500 லிட்டர் பச்சைத் தண்ணீர் கொதித்துவிடும். அதனால் வண்டியைப் பிடித்து இறக்க வேண்டியது எஞ்சின்தான். பிரேக் அதற்குத் துணை.

லோடு ஏற்றி முடித்ததும் வண்டியை ஒரு சுற்று வாருங்கள். கயிறு, தார்ப்பாய், விளக்கு, டயர். பின்னால் ஜோடி டயரில் உள்டயரையும் தட்டிப் பார்க்க வேண்டும், பாதிப்பேர் அதை விட்டுவிடுவார்கள்.

அடுத்தது பிரேக்கை இயக்கும் காற்று. சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். காற்று குறைவு என்று கத்தும் பஸ்ஸர் நின்று, காற்றழுத்த மீட்டரின் முள் ஏறி, ‘புஸ்’ஸென்று காற்று வெளியேறும் சத்தம் கேட்க வேண்டும். இப்போது எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கால் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஒரு நிமிஷம் முள்ளையே பாருங்கள். மிதித்ததும் கொஞ்சம் இறங்கும், அது சரி. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இனி கியர். எஞ்சின் வண்டியைப் பிடிப்பது இதன் வழியாகத்தான். “ஏறுன கியர்லயே இறங்குப்பா” என்பார்கள் பழைய டிரைவர்கள். அவர்கள் ஓட்டிய வண்டிக்கு அது சரி. இப்போதைய வண்டிகள் லேசாக உருளும், எஞ்சின் இழுக்கும் சக்தியும் அதிகம். ஏறிய கியருக்கு ஒன்று குறைத்தே போடுங்கள். எதுவானாலும் சரிவு தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில்வர் ஓக் மர லோடு. நேரமாகிவிட்டதே என்று நாலாவதில் இறங்கினேன். நாலைந்து வளைவு தாண்டியதும் வேகம் கைமீறுவது தெரிந்து, மூன்றாவதுக்கு மாற்றப் பார்த்தேன். கரகரவென்று பல் உரசியது, விழவில்லை. திரும்ப நாலாவதும் ஏறவில்லை. வண்டி நியூட்ரலில் உருள்கிறது! பிரேக்கை மிதித்து மிதித்து ஒரு அகலமான இடத்தில் நிறுத்தியபோது நாலு சக்கரத்திலும் புகை. பிரேக் லைனர் கருகின நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

கிளீனர் குடத்தோடு ஓடி வந்தான். தடுத்துவிட்டேன். சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். அந்தச் சூட்டில் ஹேண்ட் பிரேக்கும் போடக்கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, பிரேக்கை எப்படி மிதிப்பது? காலை அதன் மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வராதீர்கள். உங்கள் லோடுக்கு 20 கிலோமீட்டர் வேகம்தான் சரி என்றால், முள் 20-ஐத் தொட்டதும் அழுத்தி மிதித்து 12-க்குக் கொண்டுவாருங்கள். விட்டுவிடுங்கள். மறுபடி 20 வரட்டும். எஞ்சின் புகையை அடைத்து வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மழையில் ரோடு வழுக்கும்போது அது பின்சக்கரத்தைச் சறுக்கவிடும், கவனம்.

வளைவில் பின்சக்கரம் எப்போதும் உள்பக்கமாக வெட்டும். இடதுபக்கம் திரும்பும் வளைவில் வலதுபக்கம் அகலம் எடுத்தே ஆக வேண்டும். ஹாரன் அடித்து, எதிரே காலி என்று தெரிந்த பிறகே எடுங்கள். தெரியவில்லையென்றால் கிளீனர் இறங்கிப் போய்ப் பார்க்கட்டும். குறுகலில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமே அப்படித்தான்.

அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியதும் ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மற்றதெல்லாம் அனலடிக்கும்போது ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால், வழியெல்லாம் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கவே இல்லை. மெக்கானிக்கிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.