மின்சார கிராஸ்ஓவர் வாங்கும்முன்: கணக்கு தவறும் இடங்கள்

ஷோரூமில் மின்சாரக் கார் பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி இன்றும் அதேதான்: "ஃபுல் சார்ஜ்ல எவ்ளோ ஓடும்?" விற்பனையாளர் ஒரு எண்ணைச் சொல்வார். வந்தவர் அதைப் போனில் குறித்துக்கொள்வார். பக்கத்து ஷோரூமில் அதைவிட 40 கிலோமீட்டர் கூடுதலாகச் சொன்னால் அந்தக் கார் மேல் என்று முடிவாகிவிடும். முதன்முதலில் மின்சாரக் கார் எடுத்தவர்கள் பட்டுத் தெளிந்த பாடம் இது. அதே தவறு திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இருபது லட்சம் போடுகிறவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் தப்பிக்கலாம்.

டயர் காற்று, சர்வீஸ் சென்டர் தூரம் போன்ற எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

சோதனை ரேஞ்சை ஹைவே கணக்காக எடுப்பது

இருப்பதிலேயே செலவு வைக்கும் தவறு இதுதான். இந்தியாவில் கம்பெனிகள் அறிவிக்கும் ரேஞ்ச், எம்ஐடிசி என்ற சோதனை முறையில் வருவது. அதில் வண்டி தொடும் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். அதையும் சில நொடிகளுக்குத்தான் தொடும். மீதி நேரமெல்லாம் நிதானமான நகர ஓட்டம். ஏசி ஓடாது. அந்த எண் பொய்யல்ல. ஆனால் நீங்கள் ஓட்டப்போகும் ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இடைவெளி எவ்வளவு என்று டாடா நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. 45 கிலோவாட்ஹவர் நெக்ஸானுக்குச் சோதனை ரேஞ்ச் 489. பெரும்பாலான உரிமையாளர்களுக்குக் கிடைக்கும் என்று சி75 என்ற பெயரில் அவர்கள் சொல்வது 350 முதல் 370. கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு. அதுவும் ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டும்போது வருவது. ஹைவேயில் மட்டும் ஓட்டினால் இன்னும் குறையும்.

காரணம் காற்று. ஒரு கிலோமீட்டருக்குக் காற்றைத் தள்ளச் செலவாகும் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனால் அந்தப் பகுதி மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கிராஸ்ஓவர் உயரமான வண்டி. முன்பக்கம் அகலமாகக் காற்றில் மோதும். இந்த அளவுள்ள வண்டி ஏசியோடு சீராக 90-ல் போனால் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16 யூனிட் குடிக்கும். 110-ல் 19, 20 ஆகிவிடும். நான்குவழிச் சாலையில் காருக்குச் சட்ட வரம்பு 100 என்றாலும் பலர் ஓட்டுவது 110-ல்தான் என்பதால் அந்தக் கணக்கையும் போட்டே ஆக வேண்டும். (பிரோஷரில் உள்ள கிலோவாட்ஹவரும் வீட்டு மீட்டரின் யூனிட்டும் ஒன்றே.)

சென்னையிலிருந்து மதுரைக்குப் போட்டுப் பார்ப்போம். தூரம் சுமார் 460 கிலோமீட்டர். வண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே தயாராகும் கிரெட்டா எலக்ட்ரிக், 51.4 யூனிட் பேட்டரி. 2025 ஜனவரியில் வந்தபோது அறிவித்த ரேஞ்ச் 473. "460-தானே, ஒரே மூச்சில் போயிடலாம்" என்று கிளம்புகிற குடும்பத்துக்கு என்ன ஆகும்?

100 சதவீதத்தில் கிளம்பி 10 சதவீதத்தில் நிறுத்தினால் கையில் உள்ளது 46 யூனிட். 10-க்குக் கீழே போகவே கூடாது. அடுத்த சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அதற்கடுத்த சார்ஜரைத் தொட வேண்டிய கையிருப்பு அது. 90-ல் போனால் இந்த 46 யூனிட்டுக்கு 290 கிலோமீட்டர். பெரம்பலூரைத் (சுமார் 270) தாராளமாகத் தொடலாம்; பேட்டரியில் 16 சதவீதம் மிச்சம் இருக்கும். மிச்சமுள்ள 190 கிலோமீட்டருக்கு 30 யூனிட் வேண்டும். அங்கே 70 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டால் மதுரையில் 10 சதவீதத்தோடு இறங்கலாம். ஒரே ஒரு நிறுத்தம், சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அதே வண்டி 110-ல்: 46 யூனிட்டுக்கு 235 கிலோமீட்டர்தான். பெரம்பலூர் எட்டாது. உளுந்தூர்பேட்டையிலேயே, அதாவது 200 கிலோமீட்டரில், நிறுத்தியாக வேண்டும். அங்கே 80 வரை ஏற்றினால் அடுத்த கட்டத்துக்குக் கிடைப்பது 36 யூனிட், அதாவது 185 கிலோமீட்டர். திருச்சி தாண்டி, மதுரைக்கு இன்னும் 75 கிலோமீட்டர் இருக்கும்போது மறுபடியும் நிற்க வேண்டும். மொத்தத்தில் 16 யூனிட் கூடுதலாக ஏற்ற வேண்டும். அதற்குச் சார்ஜரில் 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஹைவேயை விட்டு இறங்கி, சார்ஜிங் ஆப்பைத் திறந்து, சார்ஜர் கன்னை (பிளக்கை) வண்டியில் சொருகி, மறுபடி ஏற 10 நிமிடம். டோல், லாரி, ஊர் நெரிசல் எல்லாம் சேர்ந்து சராசரி வேகத்தை இழுத்துவிடுவதால், 110-ல் மிச்சம் பிடித்த நேரத்தில் பெரும்பகுதி இங்கேயே கரைந்துவிடும்.

ஆகவே எந்த வண்டிக்கும் கேட்க வேண்டியவை இரண்டே. ஒன்று, 90-லும் 110-லும் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட்? இதை டெஸ்ட் டிரைவில் டிரிப் மீட்டரை ஜீரோ செய்து நீங்களே பார்க்கலாம். இரண்டு, 80-லிருந்து 10 வரை எத்தனை யூனிட்? பேட்டரியின் 70 சதவீதம். இரண்டாவதை முதலாவதால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் இரண்டு சார்ஜர்களுக்கு இடையே நீங்கள் நம்பக்கூடிய தூரம். பிரோஷரில் இந்த எண் இருக்காது.

காற்று எதிரே அடித்தால் இதுவும் குறையும். மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் 90-ல் போவது, காற்றைப் பொறுத்தவரை, 110-ல் போவதற்குச் சமம். ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

மலைக்குத் தனிக் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். குடும்பத்தோடு 1,900 கிலோ எடையுள்ள கார் என்றால் உயரத்துக்கு மட்டுமே 11 யூனிட் கூடுதல் செலவு. இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் ரீஜென் மூலம் (வேகம் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்புவது) திரும்ப வரும். ஆனால் ஊட்டி ஹோட்டலில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் பேட்டரியில் இடமே இல்லை. ரீஜென் வேலை செய்யாது, கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரமும் பிரேக் பேடுக்குப் போகும். மேலே 80-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

உச்ச கிலோவாட்டை வைத்துச் சார்ஜிங்கை ஒப்பிடுவது

மஹிந்திரா பிஇ 6, 79 யூனிட் பேட்டரி: 180 கிலோவாட் சார்ஜரில் 20-லிருந்து 80 வரை 20 நிமிடம். கிரெட்டா எலக்ட்ரிக்: 10-லிருந்து 80 வரை 58 நிமிடம். தொடங்கும் புள்ளியே வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிமிடத்தை யூனிட்டாக்கிப் பாருங்கள். முதலாவதில் 47 யூனிட் 20 நிமிடத்தில், சராசரி 140 கிலோவாட். இரண்டாவதில் 36 யூனிட் 58 நிமிடத்தில், சராசரி 37 கிலோவாட். பிஇ 6 உண்மையிலேயே வேகமான வண்டி.

ஆனால் அந்த வேகம் சார்ஜர் கொடுத்தால்தான். நம் ஹைவேக்களில் இன்னும் அதிகம் கண்ணில் படுவது 30, 60 கிலோவாட் சார்ஜர்கள். 60-ல் அதே 47 யூனிட்டுக்குக் குறைந்தது 50 நிமிடம். இரண்டு கன் உள்ள 60-இல் பக்கத்தில் இன்னொரு வண்டி சொருகினால் பல இடங்களில் ஆளுக்கு 30 ஆகப் பிரியும். கிரெட்டாவுக்கே அப்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும். நீங்கள் அடிக்கடி போகும் ஒரு பாதையை எடுத்து, அதில் உள்ள சிசிஎஸ்2 (இந்த வண்டிகளுக்கான வேகச் சார்ஜர் பிளக் வகை) சார்ஜர்களின் கிலோவாட்டையும் கன் எண்ணிக்கையையும் ஆப்பில் பார்த்து எழுதுங்கள். 150-க்கு மேல் ஒன்றுமே இல்லை என்றால் 180 கிலோவாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் இன்றைக்குப் பயனில்லை.

80 சதவீதத்துக்கு மேல் டிசி சார்ஜரில் (வெளியே உள்ள வேகச் சார்ஜர்) உட்காராதீர்கள். வேகம் சரிந்துவிடும், பின்னால் ஒருவர் காத்திருப்பார்.

புக் செய்த பிறகு வீட்டு லைனைப் பார்ப்பது

"11 கிலோவாட் ஹோம் சார்ஜர்" என்றால் மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும், ஃபேஸுக்கு 16 ஆம்பியர். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் 32 ஆம்பியரில் கிடைப்பது 7 கிலோவாட் சொச்சம். வண்டியோடு வரும் சாதாரண கேபிளை 16 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் 3 கிலோவாட் அளவுதான்; 51 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய 17 மணி நேரத்துக்கு மேல். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்த 3 கிலோவாட்டே போதும்: இரவு மூன்று நான்கு மணி நேரத்தில் செலவானது திரும்பிவிடும். தேவையில்லாமல் பெரிய சார்ஜர் வாங்காதீர்கள்.

7 கிலோவாட் வேண்டுமென்றால் முதலில் ஈபி கார்டில் உள்ள அனுமதிக்கப்பட்ட மின்பளுவைப் பாருங்கள். 4 அல்லது 5 கிலோவாட் என்று இருந்தால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்த பிறகே சார்ஜர். மீட்டர் போர்டிலிருந்து பார்க்கிங் வரை தனி லைன், 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 40 ஆம்பியர் எம்சிபி (பளு மீறினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்). வழி நீளமாக இருந்தால் 10 சதுர மில்லிமீட்டர். எர்த் சரியில்லாவிட்டால் பல வண்டிகள் சார்ஜ் ஏறவே மறுக்கும். வண்டியில் கோளாறு என்று சர்வீஸுக்கு ஓடுவார்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டைத் தாண்டினால் எர்த் குழியைச் சரிசெய்ய வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், சங்கத்தின் ஒப்புதல் எழுத்தில் கையில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடுவது

கூடாது. உருகும்.

"யூனிட் அஞ்சு ரூபா" கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிநிலையாக ஏறும். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 180 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 200. இரண்டு மாதத்துக்கு 400. ஏற்கெனவே 450 யூனிட் வரும் வீடு 850-க்குப் போகும். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை உள்ள சலுகை விலை போய்விடும். மேல் படிகள் 8 ரூபாய்க்கு மேல் தொடங்கி 10-ஐத் தாண்டும். காருக்குப் போகும் யூனிட்டில் பெரும்பகுதி அந்த மேல் படிகளில்தான் விழும். ஆகவே யூனிட்டுக்கு 9, 10 ரூபாய் வைத்துக் கணக்கிடுங்கள். அப்போதும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயைச் சுற்றித்தான் வரும், பெட்ரோலைவிட மிக மலிவு. ஆனால் பெரும்பாலும் வெளியே டிசி சார்ஜரில் ஏற்றப் போகிறவருக்குச் செலவு அதைப் போல இரண்டு மடங்கு. வீட்டில் பிளக் வைக்க வழியே இல்லாதவர் இந்த வரியில் நின்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

பேட்டரி இல்லாத விலையை ஒப்பிடுவது

எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் 9.99 லட்சத்துக்கு வந்தது, கூடவே கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய் பேட்டரி வாடகை. மாதக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் உண்டா என்று கேளுங்கள்.

"லைஃப்டைம் வாரண்டி"

பேட்டரிக்குத் தரும் இந்த வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும். விற்றால் என்ன மிஞ்சும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வசதிகளைத் திரையில் எண்ணுவது

திரை எத்தனை அங்குலம் என்பதில் நேரத்தைச் செலவிடாமல் இவற்றைப் பாருங்கள். தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் பல வண்டிகளில் பின்சீட்டுத் தரை உயர்ந்திருக்கும், முழங்கால் மேலே தூக்கும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. வீட்டில் உள்ள பெரியவரைப் பின்சீட்டில் அரைமணி நேரம் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிக் கூரை இருந்தால் அதை மூடத் திரை உண்டா? டெஸ்ட் டிரைவை மே மாத நண்பகலில் வையுங்கள், ஏசியின் யோக்கியதை அப்போது தெரியும். குளிர்காற்று சீட் இங்கே ஆடம்பரம் அல்ல. ஏசியை இரண்டு டிகிரி ஏற்றி வைக்க விடும்.

ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டுமா? டிக்கியைத் திறந்து பாருங்கள். 19, 20 அங்குலச் சக்கரம் வரும் உயர்ரக வேரியன்டில் ரேஞ்ச் குறையும், டயர் விலை கூடும், குழியில் ரிம் அடிபடும். அதே பேட்டரியோடு சிறிய சக்கரம் உள்ள வேரியன்ட் இருந்தால் அதையே எடுங்கள். கனெக்டெட் ஆப் எத்தனை ஆண்டு இலவசம், முடிந்தபின் சந்தா கட்டாவிட்டால் சார்ஜ் நேரத்தைக் குறிக்கும் வசதி காரின் திரையிலேயே இருக்குமா என்பதையும் கேளுங்கள். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் மேனுவலில் சொன்ன இடைவெளியில் 100 வரை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் திரையில் காட்டும் சதவீதம் தடம் மாறும். என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) வகை என்றால் தினசரி ஓட்டத்துக்கு 80-ல் நிறுத்தும்படி செட்டிங்கில் வைத்துவிடுங்கள்.