புதிய டைவர்களின் முதல் குளிர்காலப் பயணம்: கடலைத் தேர்வு செய்வதிலிருந்து கடைசி நாள் வரை

ஸ்கூபா டைவிங்கின் (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவதன்) முதல்நிலைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் வாங்கிய கையோடு, குளிர்காலத்தில் எங்காவது வெதுவெதுப்பான கடலுக்குப் போய் ஒரு வாரம் டைவ் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டைவ் படகுகளில் வழிகாட்டியாகப் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். புதியவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போவதுதான் இன்றைக்கும் எனக்குப் பிடித்த வேலை. முதல் நாள் காலையில் அவர்கள் படகில் ஏறும்போதே, யாருக்கு இந்த வாரம் நன்றாகப் போகும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். நன்றாகத் தூங்கி எழுந்திருப்பார்கள், சொந்த மாஸ்க் வைத்திருப்பார்கள், "எத்தனை மீட்டர் போகிறோம், நீரோட்டம் எப்படி?" என்று கேட்பார்கள்.

முதல் பயணத்தில் சுறாவையும் மான்டா திருக்கையையும் துரத்த வேண்டாம். ஆழம் குறைந்த, நீரோட்டம் இல்லாத, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்க முடிகிற கடலைத் தேடுங்கள். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரை அனுமதிக்கிறது. அதற்காகத் தினமும் 18 மீட்டரைத் தொட வேண்டியதில்லை. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து அத்தனை மடங்கு காற்று செலவாகும். புதியவர்கள் எப்படியும் வேகமாகத்தான் மூச்சு விடுவார்கள். 10 மீட்டரிலேயே இருந்தால் அதே சிலிண்டரில் கூடுதல் நேரம் கிடைக்கும், வெளிச்சம் நன்றாக இருக்கும், பவளத்தின் நிறமும் மங்காமல் தெரியும். மீன்களும் அங்கேதான் அதிகம்.

எந்தக் கடல்?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். படத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்துவிட்டு, அப்புறம் பருவத்தைப் பார்க்கிறார்கள். மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு அந்த மாதத்தில் அமைதியாக இருக்கும் கடலைத் தேடுங்கள்.

கரீபியனில் சூறாவளிப் பருவம் ஜூன் முதல் நவம்பர் முடிய. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கவலை இல்லை. அங்கே புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது போனேர் தீவு. அதன் மேற்குக் கரை காற்று மறைவில் இருப்பதால் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். டைவ் இடங்களைச் சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் பெயர் எழுதிக் குறித்திருப்பார்கள். வண்டியை நிறுத்தி, உபகரணங்களை மாட்டிக்கொண்டு, கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். பவளத்திட்டு கரைக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடும். படகு நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டாம், பிடித்த இடத்துக்கே மறுநாளும் போகலாம். ஆனால் கரையில் உடைந்த பவளக் கற்கள் வழுக்கும், தடிமனான அடிப்பாகம் உள்ள காலுறை இல்லாமல் போகாதீர்கள். இது பாதுகாக்கப்பட்ட கடற்பூங்கா என்பதால் கட்டணம் கட்டி, முதலில் ஓர் அறிமுக டைவ் முடித்தாக வேண்டும். அங்கே கையுறை போடவும் அனுமதி இல்லை.

மெக்சிகோவின் கோசுமெல் தீவிலும் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். ஆனால் அங்கே பெரும்பாலான டைவ்கள் நீரோட்டத்தோடு மிதந்து போகிறவை. நீங்கள் போகும் வழியே படகு பின்தொடர்ந்து வரும். நல்ல வழிகாட்டியும் ஆழமில்லாத இடமும் கிடைத்தால் புதியவர்களுக்கும் சுகமான அனுபவம்தான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பலத்த காற்று அடித்துத் துறைமுகத்தை மூடும் நாட்களும் உண்டு, அதனால் கையில் உபரி நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலத்தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, தண்ணீர் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ். ஆனால் அங்கே புகழ்பெற்ற பல இடங்கள் தீவுக்கூட்டங்களுக்கு நடுவே உள்ள கால்வாய்கள், நீரோட்டம் இழுக்கும். புதியவர்கள் நல்ல கரையோரப் பவளத்திட்டு உள்ள தீவில் தங்கி, அங்கேயே இறங்குவது நல்லது. வாரம் முழுக்கக் கடலிலேயே தங்கும் டைவ் கப்பல்களைக் கொஞ்சம் அனுபவம் வந்தபின் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் பல, இத்தனை டைவ் முடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பதும் காரணத்தோடுதான்.

தாய்லாந்தில் இரண்டு கரைக்கும் இரண்டு பருவம். அந்தமான் கடல் பக்கமுள்ள சிமிலன் தீவுகள் அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை திறந்திருக்கும், குளிர்காலம்தான் அங்கே நல்ல காலம். எதிர்க்கரையில் வளைகுடாப் பக்கமுள்ள கோ தாவோவில் நவம்பர், டிசம்பரில் மழையும் அலையும். ஒரே நாடுதானே என்று பயணச்சீட்டு வாங்கிவிடாதீர்கள். பாலியிலும் டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம்.

செங்கடல் பற்றி ஓர் எச்சரிக்கை. பாலைவனக் கரை என்பதால் தண்ணீரும் சுடும் என்று நினைத்து வருகிறார்கள். எகிப்துப் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் 22 டிகிரியை ஒட்டியே இருக்கும், மேலே வந்தால் காற்றும் அடிக்கும். அழகான கடல், ஆனால் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனுள்ள வெட்சூட்டோடு (உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) போகாதீர்கள். 26 டிகிரிக்கு மேலிருந்தால் 3 மில்லிமீட்டர் பெரும்பாலோருக்குப் போதும். தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். முதல் டைவில் குளிராது, மூன்றாவதில் பற்கள் தந்தியடிக்கும். நடுங்குகிறவருக்குக் காற்றும் சீக்கிரம் தீரும்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். விலை ஒருபுறம், படகில் கூட்டம் இன்னொருபுறம். கூட்டம் குறைந்த ஜனவரி நடுவில் வழிகாட்டிக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்கும்.

கிளம்பும்முன்

பயிற்சி இன்னும் முடியவில்லையா? பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவ்களை மட்டும் போகும் இடத்தில் முடிக்கலாம். இதற்கு ரெஃபரல் என்று பெயர். குளிர்ந்த ஏரியில் நடுங்கிக்கொண்டு முடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். சான்றிதழ் வாங்கி ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டதென்றால், புறப்படும்முன் குளத்தில் ஒரு புத்துணர்வுப் பயிற்சி எடுங்கள். மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவதை அங்கே நாலு தடவை செய்துவிட்டால் கடலில் அது பயமுறுத்தாது.

டைவ் கடையில் தரும் மருத்துவப் படிவத்தை ஒரு மாதத்துக்கு முன்பே படித்துப் பாருங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது பிரச்சினை, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை என்று எதற்காவது "ஆம்" என்று எழுத வேண்டியிருந்தால் மருத்துவர் கையெழுத்து தேவைப்படும். அங்கே போய்ச் சேர்ந்தபின் டாக்டரைத் தேடி அலைவதில் பாதி விடுமுறை போய்விடும். எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தக் கேள்விகள் உங்கள் உயிரைப் பற்றியவை.

இன்ஷூரன்ஸும் அப்படித்தான். சாதாரணப் பயண இன்ஷூரன்ஸில் டைவிங் விலக்கப்பட்டிருக்கலாம், அல்லது ஆழ வரம்பு இருக்கலாம். அழுத்த அறை சிகிச்சைக்கும் (டைவுக்குப் பின் உடம்பில் வாயுக்குமிழிகள் உண்டானால் தரும் சிகிச்சை) அங்கே கொண்டுபோகும் செலவுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற டைவர்களுக்கான அமைப்புகள் இதற்கென்றே திட்டங்கள் வைத்திருக்கின்றன.

அப்புறம், டைவ் கடைக்கு முன்கூட்டியே எழுதுங்கள். "நாங்கள் இருவரும் புதியவர்கள், இதுவரை இத்தனை டைவ்தான் செய்திருக்கிறோம், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முதல் டைவ் எத்தனை மீட்டர்? நீரோட்டம் இருந்தால் இடத்தை மாற்றுவீர்களா? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா?" ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேர் என்றால் எனக்குத் திருப்தி. பதில் பொறுமையாக, விவரமாக வந்தால் அந்தக் கடையை நம்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம், வாங்க" என்று மட்டும் வந்தால் வேறு கடை பாருங்கள்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

மாஸ்க் சொந்தமாக இருக்கட்டும். கடையில் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் அது முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். மூக்கோடு கண்ணாடி இடிக்கக் கூடாது. புது மாஸ்க்கின் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று இருக்கும், அதனால்தான் தண்ணீருக்குள் பனி படர்கிறது. சாதாரண வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் விரலால் தேய்த்துக் கழுவி, இதையே இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். பனி படராத பூச்சு ஏற்கனவே போட்ட கண்ணாடி என்றால் இதைச் செய்யாதீர்கள், பூச்சு போய்விடும். தண்ணீர் கசிகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது நெற்றி முடியைத்தான். ரப்பர் ஓரத்துக்கும் தோலுக்கும் இடையில் நாலு முடி மாட்டினாலே போதும்.

அடுத்தது டைவ் கம்ப்யூட்டர், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும் கருவி. இருவர் என்றால் இரண்டு வேண்டும், ஒன்றைப் பகிர முடியாது. நீங்கள் போன ஆழம் வேறு, உங்கள் துணை போன ஆழம் வேறு. ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருவது), பி.சி.டி. (காற்றை நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி), ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) எல்லாம் இப்போதைக்கு வாடகைக்குப் போதும்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது, பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் இல்லாததாகப் பாருங்கள். பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதலும், ஹவாய் 2021 முதலும் அதை விற்பதற்குத் தடை விதித்திருக்கின்றன. அதைவிட நல்லது, நீளக்கை நீச்சல் சட்டை. படகு குமட்டலுக்கு மாத்திரை உண்டென்றால், ஊரில் தரையில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். சிலருக்குத் தூக்கம் தூக்கமாக வரும், அந்த நிலையில் டைவ் செய்யக் கூடாது.

அங்கே போனபின்

போய் இறங்கிய அன்றே டைவ் வேண்டாம். விமானப் பயணத்தில் உடம்பு வறண்டிருக்கும், தூக்கம் கெட்டிருக்கும். தண்ணீர் குடியுங்கள், தூங்குங்கள். மூக்கடைப்போ சளியோ இருந்தால் அது சரியாகும்வரை இறங்காதீர்கள், காதில் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கிழியும் அபாயம் உண்டு.

முதல் டைவை எடைச் சோதனைக்கென்றே, அதாவது மூழ்குவதற்காகக் கூடவே மாட்டிக்கொள்ளும் ஈயக்கட்டிகள் எத்தனை கிலோ வேண்டும் என்று பார்ப்பதற்கென்றே, ஒதுக்குங்கள். குளத்தில் பழகிய எடை கடலில் போதாது. உப்புத்தண்ணீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது, உபகரணங்களோடு 100 கிலோ இருப்பவருக்கு அது ஏறக்குறைய 2.5 கிலோ வித்தியாசம். பி.சி.டி.யை முழுக்க வெறுமையாக்கி, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து நிறுத்தினால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். அலுமினிய சிலிண்டர் டைவ் முடியும்போது சுமார் 2 கிலோ இலேசாகிவிடும், அதற்கும் சேர்த்து எடை போடுங்கள். சந்தேகத்தில் இரண்டு ஈயக்கட்டியைக் கூடுதலாகச் சொருகுவதுதான் படகில் நடக்கும் வழக்கம். கூடுதல் எடை போட்டவர் அதைச் சமன்செய்ய பி.சி.டி.யில் காற்றை நிரப்புவார், ஆழம் மாறும்போதெல்லாம் அந்தக் காற்று விரிந்து சுருங்கும், அவர் ஏறி இறங்கிக்கொண்டே பவளத்தை உதைத்துக்கொண்டிருப்பார். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த பவளக் கிளை ஒரே உதையில் போய்விடும். எனக்கு மிகவும் வலிக்கும் காட்சி அது.

நாளுக்கு இரண்டு டைவ், வாரத்தின் நடுவில் ஒரு நாள் ஓய்வு. இந்த அளவு போதும். இறங்கும்முன் இருவரும் ஒருவருக்கொருவர் உபகரணத்தைச் சரிபாருங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாதீர்கள், 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மீதமிருக்கும்போது படகில் இருக்க வேண்டும். இருவரில் யாருக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் கட்டைவிரலை மேலே காட்டி டைவை முடித்துவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கிளம்பும்முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைக் காலியாக விடுங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி, நான் எல்லோருக்கும் 24 மணிநேரம் என்றுதான் சொல்வேன். உயரமான மலைப்பாதையில் வண்டியில் போவதும் இதே கணக்கில்தான் வரும். அந்த நாளில் உபகரணங்களை நன்னீரில் அலசி நிழலில் காயவையுங்கள். பதிவுப் புத்தகத்தில் மீன் பெயர்களோடு வெட்சூட்டின் தடிமன், சிலிண்டர் அலுமினியமா இரும்பா, எத்தனை கிலோ எடை போட்டீர்கள், டைவ் முடிவில் 5 மீட்டரில் சிரமமில்லாமல் நிற்க முடிந்ததா என்றும் எழுதுங்கள். அடுத்த பயணத்தில் வழிகாட்டி கேட்கும் முதல் கேள்விக்கு அந்த ஒரு வரி பதிலாக இருக்கும்.