மலையோர ஊர்களில் கல்குவாரியை எதிர்கொள்ள: ஆவணம், அளவு, காலக்கெடு

 கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையைத் தின்பது பாறை வியாபாரம். விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம், தோவாளை தாலுகாக்களின் மலையோரக் கிராமங்களில் வெடி வைத்து உடைக்கப்படும் பாறை, ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் (பாறையைப் பொடித்த செயற்கை மணல்) கேரள எல்லையான களியக்காவிளை தாண்டிப் போகிறது. வெடிச் சத்தத்தில் வீட்டுச் சுவர் கீறுகிறது, கிணறு இறங்குகிறது, ரப்பர் பால் வெட்டும் சிரட்டையில் தூசி படிகிறது. ஊர் கொதித்தெழுந்து சாலையில் உட்காருகிறது. மறுநாள் பேச்சுவார்த்தை, ஒரு வாரம் அமைதி, பிறகு மறுபடி வெடி. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஊரின் கையில் அளவும் தேதியும் ஆவணமும் வேண்டும். குவாரிக்காரரின் கோப்பு கனமாக இருக்கும்போது ஊரின் கோப்பு ஒரே ஒரு மனுவாக இருந்தால் எந்த அலுவலரும் எந்த நீதிபதியும் அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

முதலில் எந்த சர்வே எண் என்று கண்டுபிடியுங்கள்

"எங்கள் ஊர் மலையை உடைக்கிறார்கள்" என்ற மனுவுக்குப் பதில் வராது. கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, குத்தகைதாரர், குத்தகை முடியும் தேதி ஆகிய ஆறும் மனுவின் முதல் பத்தியில் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு) அந்த எண்ணின் புலப்படத்தையும் கேளுங்கள். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் மாவட்டத்தையும் கனிமத்தையும் கொடுத்துத் தேடினால் சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பமும் அனுமதிக் கடிதமும் கிடைக்கும். குத்தகை எல்லையின் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகள் அதில் இருக்கும். அவற்றைக் கூகுள் எர்த்தில் குறித்து, பழைய ஆண்டுகளின் படங்களோடு ஒப்பிடுங்கள். எல்லை தாண்டி வெட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேட்க வேண்டியவை: குத்தகை ஆணை, அங்கீகரிக்கப்பட்ட சுரங்கத் திட்டம், வருவாய்த்துறையின் தல ஆய்வு அறிக்கை, மாதவாரியாக வழங்கப்பட்ட நடைச்சீட்டுகளின் (கல்லை ஏற்றிச் செல்ல லாரிக்குத் தரும் அனுமதிச் சீட்டு) எண்ணிக்கை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தனி மனு போட்டு, இயக்குவதற்கான இசைவாணையைக் கேளுங்கள். "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்பதே வழி. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் முடிவுக்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். பெரும்பாலான ஊர்கள் இந்த முதல் மேல்முறையீட்டைப் போடாமல் விட்டுவிடுகின்றன. அங்கேதான் கோப்பு சாகிறது.

தூர விதிகளும், குமரி மாவட்டத்துக்கே உரிய சிக்கலும்

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன் 36-ஆம் விதிப்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் புதிய கல்குவாரிக் குத்தகை தரக் கூடாது. சாலை, கால்வாய், நீர்த்தேக்கம் போன்றவற்றிலிருந்து 50 மீட்டர். ஆனால் வருவாய் ஆவணத்திலோ உள்ளாட்சியின் ஒப்புதலிலோ பதிவான வீட்டிடங்களைத்தான் விதி குடியிருப்பாகக் கொள்கிறது. கிழக்கு மாவட்டங்களில் வீடுகள் நத்தத்தில் ஒன்றாகக் கூடியிருக்கும். நம் பக்கம் ஒவ்வொரு வீடும் அவரவர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) தனித்தனியே நிற்கிறது. ஆவணத்தில் அது புஞ்சை, வீடு என்ற சொல்லே இருக்காது. "300 மீட்டருக்குள் குடியிருப்பு இல்லை" என்று தல ஆய்வு அறிக்கை எழுதப்படுவது இந்த இடைவெளியில்தான்.

எனவே குத்தகை எல்லையிலிருந்து 500 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் தயாரியுங்கள். வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி இருந்தால் அதன் நகல், மின் இணைப்பு எண், குடும்ப அட்டை முகவரி, கைப்பேசியில் எடுத்த ஜிபிஎஸ் புள்ளி, எல்லையிலிருந்து எத்தனை மீட்டர். குவாரி வரும் முன்பே வீடு இருந்தது என்பதைக் காட்டும் மிகப் பழைய வரி ரசீதை மேலே வையுங்கள். அனந்தனார், தோவாளை போன்ற சானல்களும் (பாசனக் கால்வாய்கள்) குளங்களும் அருகில் இருந்தால் அவற்றின் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காட்டோர ஊர்களுக்கு இன்னொரு விதி உண்டு. 2021 நவம்பரில் வந்த அரசாணை தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காடு முதலியவற்றைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குக் குவாரிக்குத் தடை விதித்தது. 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காடு நீக்கப்பட்டது, சரணாலயத்துக்கான தூரம் நீடித்தது. அந்தத் தளர்வைக் காட்டி யாராவது பேசினால் தயங்க வேண்டாம். நம் மாவட்டக் காட்டின் பெரும்பகுதி, சுமார் 402 சதுர கிலோமீட்டர், கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. எல்லையை மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் கிராமம் ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அதே மனுவோடு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெடிக்கு முன் வீட்டை அளந்து வையுங்கள்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரிக்காக மலையுச்சியையே வெட்டி எறிகிறார்கள். அந்த நாட்டின் 1977-ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சுரங்கச் சட்டத்தில், சுரங்க எல்லையிலிருந்து அரை மைலுக்குள் வீடு வைத்திருப்பவர் கேட்டால், வெடி வைக்கும் முன் வீட்டின் நிலையைச் சுரங்க நிறுவனமே ஆய்வு செய்து பதிவு செய்தாக வேண்டும். நமக்கு அப்படி ஒரு சட்ட உரிமை இல்லை. ஆகவே ஊரே அந்த வேலையைச் செய்ய வேண்டும். குத்தகை விண்ணப்பம் காதுக்கு எட்டிய வாரமே தொடங்குங்கள்.

ஒவ்வொரு அறையின் நான்கு சுவரையும் தளத்தையும் தரையையும் படம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசலை மறைக்காதீர்கள். மறைத்தால் பின்னால் வரும் பொறியாளர் எல்லா விரிசலையும் பழையது என்று எழுதிவிடுவார். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள், அருகே ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். முக்கியமான விரிசலுக்குக் குறுக்கே ஆய்வகங்களில் பயன்படும் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையும் பூச்சை நீக்கிய சுவரில் பதியும்படி அரால்டைட்டால் ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பூச்சின் மேல் ஒட்டினால் பூச்சு மட்டும் பெயர்ந்து ஒன்றும் காட்டாது. வெயிலில் சுவர் விரிவதாலும் விரிசல் ஏறி இறங்கும் என்பதால் எப்போதும் காலை ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். குவாரியிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் இதே வயதுள்ள இரண்டு வீடுகளையும் அளந்து வையுங்கள். ஒப்பிட வேறு வீடு இல்லாவிட்டால் உங்கள் அளவீட்டுக்குப் பாதி மதிப்புதான்.

கிணற்றுக்கும் இதே முறை. கைப்பிடிச் சுவரில் பெயிண்ட் அடித்த ஒரு புள்ளியிலிருந்து, நுனியில் எடை கட்டிய அளவு நாடாவை இறக்கி, வாரம் ஒருமுறை மோட்டார் போடும் முன் நீர்மட்டத்தை எழுதுங்கள். அருகில் ஆறு கிணறு, தூரத்தில் இரண்டு போதும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஒரு கோடைக் கணக்கை மட்டும் காட்டினால் "மழை குறைவு" என்று தள்ளிவிடுவார்கள். ஓராண்டுக் கணக்கு வேண்டும். கடினப் பாறையில் தண்ணீர் பாறையின் பிளவுகள் வழியாகத்தான் ஓடுகிறது. குழி எந்தப் பிளவை வெட்டியதோ அதோடு சேர்ந்த கிணறு வற்றும், பக்கத்துக் கிணறு நிறைந்தே இருக்கும். அதனால் நிறைந்த கிணற்றையும் கணக்கில் விடாமல் எழுதுங்கள்.

வெடிப் பதிவேடு: தேதி, நேரம், எத்தனை வெடி, அதிர்வு உணரப்பட்டதா, கல் விழுந்ததா. விழுந்த கல்லை எடுக்காமல் அப்படியே ஸ்கேலுடன் படம் எடுத்து, எடை போட்டு, எல்லையிலிருந்து தூரம் குறியுங்கள். அதிர்வைக் கைப்பேசிச் செயலியால் நிரூபிக்க முடியாது. அதற்கு நிலஅதிர்வுமானி வைக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சுரங்கத்துறைக்கும் எழுதுங்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கை, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு அதிர்வின் அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருந்தால் விநாடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15 என்று வரம்பு வைத்திருக்கிறது. இந்த எண்களை மனுவில் குறிப்பிட்டாலே கடிதப் போக்குவரத்தின் தொனி மாறும்.

லாரிக் கணக்கு

எதிரிக்கு மிகவும் வலிக்கும் இடம் இது. முன்கூட்டி யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் தேர்ந்தெடுங்கள். குவாரிச் சாலை ஊர்ச்சாலையில் சேருமிடத்தில், நம் ஆள் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ கடையிலோ இரண்டிரண்டு பேராக மூன்று மணி நேர முறை வைத்து 24 மணி நேரமும் எழுதுங்கள்: வண்டி எண், சக்கர எண்ணிக்கை, வெளியே போன நேரம், என்ன ஏற்றியிருந்தது, தார்ப்பாய் போட்டிருந்ததா. அதன் பின் அந்த இரண்டு தேதிகளுக்கு வழங்கப்பட்ட நடைச்சீட்டு விவரத்தை மட்டும் தகவல் உரிமையில் கேளுங்கள். போன டாரஸ் லாரி 90, சீட்டு 40 என்றால் மீதியை விளக்க வேண்டியவர் குத்தகைதாரர். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தனி மனுவாகக் கொடுங்கள்.

குழியின் கணக்கையும் போடுங்கள். 100 மீட்டர் நீளம், 60 அகலம், 20 ஆழம் என்றால் 1,20,000 கன மீட்டர். இங்குள்ள சார்னோகைட் பாறை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் என்பதால் 3,24,000 டன், லாரிக்கு 30 டன் என்று வைத்தால் 10,800 லோடு. உடைத்த ஜல்லியின் எடையை எடுத்துக் குழியின் கன அளவோடு பெருக்குவது வழக்கமான தவறு. உடைத்த கல்லில் இடைவெளி அதிகம், எண் கடுமையாகக் குறைந்துவிடும். ஆழம் தெரியாவிட்டால் சுரங்கத் திட்டத்தில் ஒவ்வொரு படிக்கட்டின் உயரமும் எழுதியிருக்கும், எதிர் மேட்டிலிருந்து படிகளை எண்ணினால் போதும். படியே இல்லாமல் செங்குத்தாக வெட்டியிருந்தால் அதுவே ஒரு மீறல், படம் எடுத்து வையுங்கள்.

லாரியை மறிக்காதீர்கள், குவாரிக்குள் தனியே போகாதீர்கள், ஒரே ஆளின் பெயரில் எல்லா மனுவையும் போடாதீர்கள். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கத்தில், சட்டவிரோதக் குவாரிகளுக்கு எதிராகத் தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். மனு ஐந்து பேர் கையெழுத்தில் போகட்டும், நகல் வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடமும் இருக்கட்டும். மிரட்டல் வந்தால் அன்றே காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஊரை ஒன்றாக வைத்திருப்பது

ஊர் உடையும் வழி தெரிந்ததுதான். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் நன்கொடை வரும், சாலைக்கு இலவச ஜல்லி வரும், நாலு வீட்டுக்கு வேலை கிடைக்கும். எல்லா மதத்தாரும் எல்லா கட்சியாரும் இருக்கும் குழு அமைத்து, கட்சிக் கொடி இல்லாமல் நடத்துங்கள். வசூலுக்கு ரசீதுப் புத்தகம், செலவுக்கு இரண்டு கையெழுத்து, மாதக் கணக்கு வாட்ஸ்அப் குழுவில். கிரஷரில் வேலை பார்க்கும் அண்ணன்மாரை எதிரியாக்காதீர்கள். தூசி முதலில் போவது அவர்கள் நுரையீரலுக்குத்தான், உள்ளே நடப்பதை அறிந்தவர்களும் அவர்களே.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். தீர்மானத்தில் சர்வே எண், அளந்த கிணறுகள், பாதித்த வீடுகள் எண்ணோடு வரட்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதும் வரை யாரும் கலையக் கூடாது, மறுநாளே நகல் கேளுங்கள். குமரியில் பேரூராட்சிகள் அதிகம். அங்கே கிராம சபை இல்லை என்பதால் பகுதி சபையிலும் மன்றக் கூட்டத்திலும் கவுன்சிலர் வழியாகத் தீர்மானம் கொண்டு வர வேண்டும். தீர்மானம் மட்டும் குத்தகையை ரத்து செய்யாது, ஆனால் பசுமைத் தீர்ப்பாயத்தில் முதல் இணைப்பாக நிற்கும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கக் காணிக்காரர் பழங்குடியினரின் குடியிருப்புகளில் நிலை வேறு. வன உரிமைச் சட்டம், 2006-இன் 5-ஆம் பிரிவு காட்டையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரத்தையே அவர்கள் கிராம சபைக்குத் தருகிறது.

கருத்துக்கேட்பும் தீர்ப்பாயமும்

5 எக்டேருக்கு மேற்பட்ட குவாரிக்குப் பொதுக் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 4.8, 4.9 என்று விண்ணப்பங்கள் வருகின்றன. 500 மீட்டருக்குள் அடுத்தடுத்துக் குத்தகைகள் இருந்து மொத்தம் 5 எக்டேரைத் தாண்டினால் அவை ஒரே தொகுப்பு, அப்போதும் கருத்துக்கேட்பு தேவை. பக்கத்துக் குவாரிகளின் தூரத்தை நீங்களே அளந்து மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், சுருக்க அறிக்கை தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தைப் புறக்கணிக்காதீர்கள். இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற வரம்பே விதியில் இல்லை. பத்து பேர் பேசினாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். ஒருவருக்கு ஒரு பொருள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் கிணறு, ஒருவர் பள்ளி நேரத்து லாரி, ஒருவர் ரப்பர், ஒருவர் மட்டி வாழையும் தேன்பெட்டியும், ஒருவர் ஏலாவுக்கு (வயல்வெளிக்கு) போகும் சானல். பேசியதை எழுத்திலும் இரண்டு படி கொடுத்து முத்திரை வாங்குங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால், அதை எதிர்த்துச் சென்னையிலுள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம், அதற்குப் பின் கதவு மூடிவிடும். விதிமீறல் பற்றிய வழக்குக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்தாண்டு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பரிவேஷைத் திங்கள்தோறும் பார்க்க ஒருவரை நியமியுங்கள், அன்று ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளுக்குப் போகிறவரே இதையும் செய்யலாம். குவாரி ஓடத் தொடங்கியிருந்தால் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை குத்தகைதாரர் இணக்க அறிக்கை கொடுக்க வேண்டும். அதை வாங்கி, மரம் நட்டோம் தண்ணீர் தெளித்தோம் என்ற ஒவ்வொரு வரிக்கும் எதிரே அன்றைய தேதியிட்ட படத்தை ஒட்டி, ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.